ந வரிசையில் ஒரு பெயர்

நிரோஜினிக்கு முதற் சந்தேகத்தைக் கிளப்பியது ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு.

பிறந்த பிள்ளையோடு ஆசுபத்திரியிலிருந்து இறுப்பிட்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அது நடந்தது. மச்சாள் நாகபூசணி தன் பயணப்பெட்டிக்குள்ளிருந்து மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பொன்றை எடுத்துக் கட்டிலில் இழுத்து விரித்தாள். நடுவில் பிள்ளையைக் கிடத்தினாள். யன்னலை முழுதாகத் திறந்துவிட்டு, கைத்தொலைபேசியைப் பிள்ளையின் முகத்துக்கு நேர் மேலே பிடித்தாள்.

“தொப்பியைக் கழட்டும் நிரோ. ரெண்டு காதும் தெரியவேணும்.”

“குளிருமே மச்சாள். தொப்பியோட எடுத்தாத்தானே வடிவு.”

“வடிவுக்கில்லை. நிழல் விழாமல், கண் திறந்தபடி ஒண்டு வேணும்.”

பிள்ளை கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தது. நாகபூசணி குனிந்தபடியே பொறுமையாக நின்று, நன்றாகத் திறந்த ஒரு கணத்தில் படத்தை எடுத்தாள். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தாள். திருப்தியோடு தலையை ஆட்டிவிட்டு விரிப்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். கொட்டாவி விடுகிற மாதிரி ஒன்று, விரலைப் பிடித்த மாதிரி ஒன்று என்று வேறொரு படமும் எடுக்கவில்லை.

நிரோஜினியின் தம்பி கட்டாருக்குப் போன வருடம், படம் எடுக்க அவனோடு யாழ்ப்பாணம் போனவள் அவள்தான். காது தெரியவேண்டும், நிழல் விழக்கூடாது, பின்னால் வெள்ளை மட்டும் இருக்கவேண்டும் என்று ஸ்ரூடியோக்காரன் இதையேதான் சொன்னான். அது பாஸ்போட்டுக்கு எடுக்கிற படம். பிறந்து ஒரு கிழமையும் ஆகாத பிள்ளைக்கு என்னத்துக்குப் பாஸ்போட்டுப் படம்?

கேட்கத்தான் துணிவு வரவில்லை. மச்சாளிடம் அப்படி முகத்துக்கு நேரே கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் ஒருவருக்கும் கிடையாது.

நாகபூசணி, நிரோஜினியின் கணவன் வசீகரனுக்கு ஒரேயொரு அக்கா. தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த தகப்பன் கடையையும் இழந்து ஆளும் போன பிறகு, தம்பியைப் படிப்பித்ததும், பிரதேச சபையில் அவனுக்கு வேலை கிடைக்கும்வரை தாங்கியதும், நிரோஜினியைப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் ரொறொன்ரோவில் இருந்தபடி அவள்தான். அவளுக்குப் பிள்ளையில்லை. அந்த வீட்டில் அந்தக் கதையை ஒருவரும் எடுப்பதில்லை.

நிரோஜினிக்கு ஏற்கெனவே இரண்டு பொடியன்கள். மூத்தவன் பிறந்தபோது மச்சாள் உடுப்பு அனுப்பினாள். இளையவன் பிறந்தபோதும் உடுப்பு அனுப்பினாள். நினையாமல் வந்த இந்த மூன்றாவதற்கு மட்டும், “பிறக்கிற நேரம் நான் வந்து நிண்டு பாக்கிறன்” என்று சொல்லி, நீண்ட லீவும் எடுத்து, நத்தாருக்கு ஒரு கிழமை முன்னமே வந்து இறங்கிவிட்டாள். வந்தபோது நிரோஜினிக்குச் சந்தோசம்தான். அவளுடைய தாய் வவுனியாவில் தமக்கை வீட்டில் முழங்கால் வருத்தத்தோடு கிடந்தாள். உதவிக்கு ஆள் வேண்டும் என்று இருந்த நேரம். இப்போது யோசித்தால் அந்த வருகையே வேறு மாதிரித் தெரிந்தது.

அதோடு ஆசுபத்திரியில் நடந்ததும் ஒவ்வொன்றாக ஞாபகம் வரத் தொடங்கியது.

பிள்ளை பிறந்தது இயேசு பிறந்த நத்தார் நாள் விடிய. முதல் நாள் வாணர் பாலத்தில் கடல் தெருவுக்கு மேலால் அடித்துக்கொண்டிருந்த மழைக்குள் அம்புலன்சில் யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். விடிந்ததும் வார்டிலே தாதிமார் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார்கள். யன்னற் கம்பியில் கடதாசி நட்சத்திரங்கள் தொங்கின. பக்கத்துக் கட்டிலில் அல்லைப்பிட்டியிலிருந்து வந்திருந்த றஞ்சனி என்ற கிறிஸ்தவப் பெண், தாய் கொண்டுவந்த கேக்கில் ஒரு துண்டை நிரோஜினிக்கும் நீட்டினாள்.

“நத்தார்ப் பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப்போறியள்?” என்று தாதி கேட்டாள்.

நிரோஜினி வாயைத் திறக்க முதல் மச்சாள் சொன்னாள்: “நத்தாலி.”

“அட, நல்லாத்தான் இருக்கு. எங்கட ஆக்கள் வைக்கிற பேர் மாதிரி” என்று றஞ்சனி சிரித்தாள்.

“நத்தாரில பிறந்த பிள்ளைக்கு வெள்ளைக்காரர் வைக்கிற பேர். அங்க ஆற்ற வாயிலயும் சிக்குப்படாது” என்றாள் நாகபூசணி.

“அங்க எண்டா?”

நாகபூசணி பிள்ளையின் வாயோரத்தைத் துடைத்தாள். துண்டு வெட்டி ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்குப் புறப்படுகிற நேரம் நடைபாதையில் நின்று தாதியிடம், “எத்தினை மாதத்தில பிள்ளையைப் பிளேனில ஏத்தலாம் மிஸ்ஸி?” என்று அவள் கேட்டதும் நிரோஜினியின் காதில் விழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவள், சும்மா ஒரு கதைக்குக் கேட்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தாள். வெள்ளை விரிப்பைப் பார்த்த பிறகு அது சும்மா கேட்ட கேள்வியாகப் படவில்லை.

பத்தியக்கறி சமைத்துக்கொடுக்க வந்துபோன அயல்வீட்டு இராசமணியக்காவிடம் ஒருநாள் மெல்ல வாய்விட்டாள்.

இராசமணி அம்மியில் சரக்கை அரைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அரைத்து வழித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“பிள்ளை, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை. உன்ர பிள்ளையைக் குளிக்கவாக்கிறது ஆர்?”

“மச்சாள்.”

“ஏணையில போட்டு ஆட்டுறது?”

“மச்சாள்தான்.”

“சாத்திரியாரிட்டைப் போய் எழுத்துக் கேட்டுக்கொண்டு வந்தது?”

அதுவும் மச்சாள்தான். நாரந்தனையில் இருக்கிற சாத்திரியாரிடம் ஓட்டோ பிடித்துப் போய்வந்து, “அனுச நட்சத்திரமாம். ந, நி, நு, நே. இந்த எழுத்திலதான் பேர் தொடங்கவேணுமாம்” என்று சொன்னவள் அவள். சொன்னபோது முகம் மலர்ந்திருந்தது. நத்தாலியும் ந-வில்தானே தொடங்குகிறது!

அன்றைக்கே வவுனியாவுக்குத் தாயிடம் தொலைபேசியில் பிறந்த நேரத்தைச் சொல்லி, அங்கே ஒருவரிடம் பார்க்கச் சொன்னாள். பின்னேரம் தாய் எடுத்தாள். அனுசம்தான். ந, நி, நு, நே-தான். அதற்குப் பிறகும் நிரோஜினியின் மனம் ஆறவில்லை. சாத்திரத்தில் பொய்யில்லாவிட்டால் என்ன, சாத்திரமே மச்சாளுக்குத் தோதாக அல்லவா வந்து நிற்கிறது என்று அந்தரப்பட்டாள்.

அதன்பிறகு வீட்டில் பெயர்ப் போர் தொடங்கியது. சத்தமில்லாத போர்.

நத்தாலி வேண்டாமென்று நிரோஜினி சொல்லிவிட்டாள். “சைவப் பிள்ளைக்கு அந்தப் பேர் சரிவராது மச்சாள். பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணுவினம்.”

“எந்தப் பள்ளிக்கூடத்தில?” என்று கேட்ட நாகபூசணி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு, “சரி, அப்ப நேயா?” என்றாள்.

நேயா சின்னப் பெயர். வெள்ளைக்காரன் நாக்கிலும் நிற்கும். வேண்டாம்.

“நிலா?”

அதுவும் அப்படித்தான். வேண்டாம்.

வசீகரன் தன் பங்குக்கு நர்மதா என்றான். அது இந்தப் பக்கத்துப் பெயர்தான். ஆனால் அக்காவும் தம்பியும் விறாந்தையில் நெடுநேரம் குசுகுசுத்த பிறகு அவன் வந்து சொன்ன பெயர். வேண்டாம். நிரஞ்சனா என்று மச்சாள் சொன்னபோது, நீளமான பெயராகச் சொல்லி என்னை ஏய்க்கப் பார்க்கிறாளோ, பிறகு அங்கே போய் ‘நீரா’ என்று கூப்பிடலாமென்று வைத்திருக்கிறாளோ என்று யோசித்தாள். அதுவும் வேண்டாம்.

ஒவ்வொரு ‘வேண்டாம்’ சொல்லும்போதும் நாகபூசணியின் முகத்தில் ஏதோ ஒன்று சுருங்கியது. முதலில் சிரித்து மழுப்பினாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். நிரோஜினியை ஓரக்கண்ணால் கவனிக்கத் தொடங்கினாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் வாசலில் நிழல் விழும். நிமிர்ந்து பார்த்தால் மச்சாள் நின்றுகொண்டிருப்பாள்.

ஒருநாள் யாழ்ப்பாணம் போய்வந்தவள் பால்மா ரின்னும் சூப்பிப் போத்தலும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

“இடைக்கிடை இதையும் பழக்குவம் நிரோ. உமக்கும் உடம்பு தேறவேணும்.”

“எனக்குப் பால் காணும் மச்சாள்.”

“காணும்தான். எண்டாலும் பழக்கி வைச்சா நல்லது.”

“என்னத்துக்கு நல்லது?”

நாகபூசணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, கெஞ்சலா என்று பிரித்துச் சொல்லமுடியாத பார்வை. “உமக்குத் தெரியாதோ?” என்று கேட்டுவிட்டுப் போத்தலை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று முதல் நிரோஜினி பிள்ளையை விட்டு நகரவில்லை. கிணற்றடிக்குப் போனாலும் இராசமணியக்காவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனாள். பவுசரில் குடிதண்ணீர் வந்து, பிடிக்கப் போகவேண்டிய நாளிலும், “நீங்கள் போங்கோ மச்சாள், நான் பிள்ளையோட நிக்கிறன்” என்றாள்.

புருசனிடம் கேட்டுப் பார்த்தாள். வசீகரன் அப்போது கொடியில் பிள்ளையின் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு துணியைக்கூட அலசியறியாதவன். இந்தப் பிள்ளைக்குத் துணி தோய்த்தான், தேத்தண்ணீர் போட்டான், பொடியன்களுக்குத் தலை வாரி இழுத்துப் பள்ளிக்கு அனுப்பினான். அதையும் அவள் கவனித்துத்தான் வைத்திருந்தாள்.

“இஞ்சருங்கோ, உங்கட அக்கா என்னத்துக்கு வந்து நிக்கிறா?”

“லீவில வந்து நிக்கிறா. உமக்கு உதவிக்கு.”

“அதுக்கு மட்டுமோ?”

“வேற என்னத்துக்கு?” அவன் ஏற்கெனவே காயப்போட்ட துணியை எடுத்து மறுபடி உதறினான். “பேரில பிடிவாதம் பிடிக்காதையும் நிரோ. பேர்தானே. அக்காவின்ர ஆசைக்கு ஒண்டை வைச்சாப்போச்சு.”

அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. கொடியையே பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா போடுகிற திட்டம் இவனுக்குத் தெரியும், தெரிந்தும் அக்காவுக்குப் பயந்து வாய் மூடிக்கொண்டிருக்கிறான் என்று நிரோஜினி முடிவு கட்டினாள். அந்த முடிவு பாதிதான் சரி என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. ஐயர் வந்து புண்ணியதானம் செய்து, பிள்ளைக்குப் பெயர் சொல்கிற நாள். அந்தக் குடும்பத்தில் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்வது தகப்பனின் அக்கா அல்லது தங்கை. அது அவர்கள் வழக்கம். பெயரைச் சொல்லுகிற உரிமையும் மச்சாளுக்கே போகப்போகிறது என்ற நினைப்பு நிரோஜினியை நாலைந்து நாளாக அரித்துக்கொண்டிருந்தது.

அதற்கு முதல் நாள் பின்னேரம். பொடியன்கள் இருவரும் இராசமணி வீட்டு வளவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நிரோஜினி குசினியில் நின்று மறுநாளுக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கொஞ்சநேரம் அழுததால் நாகபூசணி தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனாள். போன கையோடு அவளுடைய தொலைபேசி அடித்தது. கனடாவிலிருந்து அத்தான், மச்சாளின் புருசன். படத்தோடு கதைக்கிற அழைப்பு.

குசினி யன்னலுக்கு நேரே விறாந்தை. ஒரு சொல் தவறாமல் கேட்டது.

“மஞ்சளே அடியுங்கோ. பெம்பிளைப் பிள்ளை எண்டு ரோஸ் வேண்டாம்… கட்டில் வந்திட்டுதோ? யன்னலுக்குக் கிட்டப் போடாதேங்கோ, குளிர் அடிக்கும்… இஞ்ச பாருங்கோ, முழிச்சிருக்கிறா. நத்தாலி, அப்பாவைப் பாருங்கோ. அங்க அப்பா!”

நிரோஜினி அகப்பையைப் போட்ட சத்தத்தில் பூனை எழுந்து ஓடியது. அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, விறாந்தையில் போய் நின்றாள்.

“பிள்ளையைத் தாங்கோ.”

“இப்பத்தான் அழுகையை விட்டவ…”

“தாங்கோ மச்சாள்.”

கையிலிருந்து பிடுங்குகிற மாதிரித்தான் வாங்கினாள். பிள்ளை வீரிட்டது. தொலைபேசித் திரையில் அத்தானின் முகம் ஒன்றும் விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தது. நாகபூசணி அதை அணைத்துக் கதிரையில் கவிழ்த்து வைத்தாள்.

“இந்தப் பிள்ளையின்ர அப்பா பிரதேச சபையில வேலை செய்யிறார்” என்றாள் நிரோஜினி. “கனடாவில இல்லை. பாஸ்போட்டுக்குப் படம் எடுத்தனீங்கள், நான் ஒண்டும் கேக்கேல்லை. போத்தல் வாங்கினனீங்கள், கேக்கேல்லை. இப்ப அப்பாவும் மாறியாச்சோ?”

நாகபூசணி சத்தம் போடவில்லை. பிடிபட்டவள் மாதிரித் தலையையும் குனியவில்லை. அதுதான் நிரோஜினிக்கு விசித்திரமாக இருந்தது. மச்சாள் அவளைக் குற்றம் சாட்டுகிற கண்ணோடு பார்த்தாள்.

“மனம் மாறினா நேர சொல்லியிருக்கலாம் நிரோ. ஒரு மாதமாப் பாத்துக்கொண்டுதான் நான் இருக்கிறன். ஒவ்வொரு பேரையும் நீர் தட்டத் தட்ட எனக்கு விளங்கினது. சொல்லிப்போட்டு இப்ப ஏமாத்தப் பாக்கிறீர் எண்டு.”

“நான் என்னத்தைச் சொன்னனான்?”

“பிள்ளையை எங்களுக்குத் தாறன் எண்டு.”

“ஆர் சொன்னது?”

“நீர்தான். வசீயிட்டை.”

“நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் சொல்லேல்லை!”

பிள்ளை அழுதபடி இருந்தது. நாகபூசணி கதிரையில் போய் இருந்தாள்.

“உண்மையாவே உமக்குத் தெரியாதோ?” என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்ட பிறகுதான் நிரோஜினிக்கு இந்த ஒரு மாதமும் தான் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேறு என்று உறைத்தது.

வசீகரனின் மோட்டார் சைக்கிள் படலைக்குள் வந்தபோது பெண்கள் இருவரும் விறாந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள். பிள்ளை நிரோஜினியின் மடியில் நித்திரை. அந்த இருப்பைக் கண்டதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே முற்றத்தில் நின்றான்.

“உள்ளுக்கு வாடா” என்றாள் அக்கா.

வந்தான். மிகக் கொஞ்சமாகத்தான் கதைத்தான். இந்தப் பிள்ளை வயிற்றில் வந்த இரண்டாம் மாதம் நிரோஜினி சத்தி எடுத்து எடுத்து ஏலாமல் கிணற்றடியில் குந்தியிருந்து அழுதாளாம். இன்னொன்றை வளர்க்கத் தன்னால் முடியாது, ஆராவது கொண்டுபோய் வளர்த்தாலும் பரவாயில்லை என்றாளாம். அதே கிழமை அக்காவும் தொலைபேசியில் அழுதாளாம். கடைசியாகச் செய்த வைத்தியமும் சரிவரவில்லை, இனி இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டதாக.

“இஞ்சையும் அழுகை, அங்கையும் அழுகை. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. எங்கட மூண்டாவதை நீங்கள் வளத்தெடுங்கோ, நிரோவுக்கும் விருப்பம் எண்டு சொல்லிப்போட்டன். பேந்து உம்மட்டைச் சொல்லுவம் சொல்லுவம் எண்டு…”

“எப்ப? பிளேன் ஏறின பிறகோ?”

“அக்காவோட பழகினா உமக்கும் மனம் வரும் எண்டு நினைச்சன்.”

நிரோஜினியால் முழுதாக மறுக்க முடியவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னவள் அவள்தான். கிணற்றடியும் ஞாபகம் வந்தது, அந்தப் புளிப்பு நாற்றமும் ஞாபகம் வந்தது.

“ஓம், சொன்னனான்” என்றாள். “வயித்தில பிள்ளையோட ஏலாமல் ஒருத்தி சொல்லுறதெல்லாம் காணி உறுதியோ, கொண்டுபோய் எழுதிக் குடுக்க?”

வசீகரன் அக்காவைப் பார்த்தான். அவள்தான் காப்பாற்றவேண்டும் என்கிற மாதிரி.

நாகபூசணி எழுந்தாள். “வேலையிடத்தில சொல்லிப்போட்டன். கோயிலில சொல்லிப்போட்டன். அவர் அறைக்குப் பெயின்ற் அடிச்சுக்கொண்டு நிக்கிறார். அது கிடக்கட்டும். நான் கேட்டு வரேல்லையடா. தாறம் எண்டு நீ சொன்னதாலதான் வந்தனான். ஒரு தாயின்ர கையிலயிருந்து களவெடுக்க வந்தவள் மாதிரி என்னை இவ்வளவு நாளும் உலாவவிட்டிருக்கிறாய். என்னைப் பிள்ளைபிடிகாரி ஆக்கிப்போட்டாய்.”

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் பயணப்பெட்டியின் சிப் இழுபடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை பிள்ளையைக் குளிக்கவார்க்க ஆளில்லை. இராசமணி சமையலில் நின்றாள். நாகபூசணியின் கதவு திறக்கவில்லை. நிரோஜினி தானே கால்களை நீட்டி இருந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி இளஞ்சூட்டுத் தண்ணீரை அள்ளி வார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது. அவளிடம் பெயர் இல்லை.

ஒரு மாதமாக எத்தனை பெயரைத் தட்டியிருக்கிறாள்! மச்சாள் சொன்னதற்குள் என்ன இருக்கிறது, புருசன் சொன்னதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கிளறிக் கிளறிப் பார்த்ததில், தன் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிட ஆசை என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஐயர் வந்துவிடுவார்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறந்த நாள் தொட்டு அந்த முகத்தை அவள் காவல் காத்திருக்கிறாளே தவிர, ஆறுதலாகப் பார்த்ததில்லை. நெற்றி வசீகரனுடையது. நாடி தன்னுடைய தாயினுடையது. இமையில் தண்ணீர்த் துளி ஒன்று உருண்டு நின்றது. பிள்ளை அதைச் சிமிட்டிவிட்டு அவளையே பார்த்தது.

ந. நி. நு. நே.

“நித்திலா” என்று சொல்லிப் பார்த்தாள். முத்து என்று பொருள். எங்கே படித்தாள் என்று ஞாபகமில்லை. இன்னொரு தரம் சொன்னாள். பிள்ளைக்கு அது பொருந்துகிறதா என்று தெரியவில்லை, ஆனால் தன் வாய்க்குப் பொருந்தியது. அதுவே போதுமென்று தோன்றியது.

ஐயர் வந்து கும்பம் வைத்து, மாவிலையால் வீடெங்கும் தண்ணீர் தெளித்தார். நாலைந்து அயலவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். பெயர் சொல்லுகிற நேரம் வந்ததும் ஐயர் நிமிர்ந்தார்.

“மாமிக்காறி எங்கை?”

வசீகரன் நிலத்தைப் பார்த்தான். இராசமணி நிரோஜினியின் காதுக்குள், “நீயே சொல்லிப்போடு பிள்ளை. கூப்பிடாதை” என்றாள்.

நிரோஜினிக்கும் அந்த எண்ணம் இல்லாமலில்லை. பெயரைச் சொல்ல விட்டால், அந்தப் பிடியில் நாளைக்கு இன்னொன்று கேட்டு வருவாளோ? மனிசர் மனம் ஒரு இரவில் ஆறிவிடுமா? ஆனால் அறைக்குள் இருப்பவளும் தன்னைப்போலவே ஒரு மாதம் ஏமாற்றப்பட்டவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் வேவு பார்த்ததுதான் மிச்சம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

“மச்சாள், ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார். வாங்கோ.”

கதவு கொஞ்சமாகத் திறந்தது. நாகபூசணி நேற்று உடுத்த அதே உடுப்போடு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“நான் வரேல்லை நிரோ. நீரே சொல்லும்.”

“இது உங்கட முறை. ஆனா நான் வைச்ச பேரைத்தான் சொல்லவேணும்.”

நாகபூசணி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். “என்ன பேர்?”

சொன்னாள்.

“நல்ல பேர்” என்றாள் மச்சாள். அதைச் சொல்லும்போது உதடு கோணியது. முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஐயர் சொன்னபடி பிள்ளையின் வலது காதோடு வாயை வைத்தாள். நிரோஜினி பக்கத்திலேயே குனிந்து, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தாள். கூப்பிட்டவளும் அவள்தான், நம்பாமல் ஒட்டுக்கேட்டவளும் அவள்தான். நித்திலா என்று முதற்தரம் கேட்டது. நித்திலா என்று இரண்டாம் தரமும் கேட்டது. மூன்றாம் தரம் மச்சாளுக்குக் குரல் எழும்பவில்லை. வெறும் மூச்சுத்தான் வந்தது. அந்த மூச்சில் எந்தப் பெயர் இருந்தது என்று நிரோஜினிக்குத் தெரியாது. அவள் அதைக் கேட்கவுமில்லை.

பயணத்தை முற்படுத்திக்கொண்டு நாகபூசணி அந்தக் கிழமையே புறப்பட்டாள். கொழும்புக்குப் போகிற வான் படலையில் நின்றபோது பிள்ளையைக் கையில் வாங்கினாள், நெற்றியில் கொஞ்சினாள், தானாகவே திருப்பிக் கொடுத்தாள். “கோவமில்லை நிரோ. உம்மில இல்லை” என்றாள். தம்பியோடு அவள் கதைக்கவில்லை. அவன் தூக்கிவந்த பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கித் தானே வானுக்குள் ஏற்றினாள். அலுமாரிக்கு மேலிருந்த பால்மா ரின்னை நிரோஜினி இராசமணிக்குக் கொடுத்துவிட்டாள்.

பிள்ளையின் பிறப்பைப் பதிகிறதுதான் மிச்சமாக இருந்தது. ஒரு காலை வசீகரன் வெளிக்கிட்டுக்கொண்டு, “நான் கந்தோருக்கு வேலைக்குப் போற வழியில பதிஞ்சுபோட்டு வாறன். நீர் பிள்ளையோட அலையத் தேவையில்லை” என்றான்.

நிரோஜினி பிள்ளைக்குத் தொப்பியைப் போட்டு, தோளில் துவாயை விரித்துத் தூக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி இருந்தாள்.

பதிவாளர் பெயரைக் கேட்டபோது வசீகரன் வாயைத் திறக்க முதல் அவள் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதி முடிக்கும்வரை பேனாவின் நுனியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுதியதை அவரையே ஒருக்கால் வாசிக்கச் சொல்லியும் கேட்டாள்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது வசீகரன் கேட்டான்:

“இன்னும் என்னில நம்பிக்கை இல்லையோ, நிரோ?”

“இல்லை” என்றாள் அவள். பிள்ளையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “மெல்லமா ஓடுங்கோ, காத்து அடிக்குது” என்றாள்.